இடுப்பு வந்த போர்வை

தறி மகாராணிக்கு,

பேரன் பிறக்கும் முன் நீ தொடங்கிய போர்வை, ஒரு முழம் பாக்கியோடு இன்னும் தறியிலேயே தவம் கிடக்கிறது. அவனுக்கு மீசை முளைக்காததுதான் குறை! கேட்டால், "மனசு வரணுமே" என்கிறாய். நேற்று ஃபோனில் அவனே கேட்டுவிட்டான்: "போர்வை ரெடியா தாத்தா?"

அதனால் நீ கடைக்குப் போனதும் நானே தறி நாடாவை ஓட்டி நாலு விரற்கடை நெய்துவிட்டேன். இரண்டு ஓரமும் உள்ளே இழுத்து, போர்வைக்கு இடுப்பு வந்துவிட்டது. பார்த்ததும் உனக்குப் பற்றிக்கொண்டு வரும், பிரிக்க உட்காருவாய். உட்கார்ந்துவிட்டால் நீ எழுந்திருக்கிற ஆளா?

பேரனையும் அவன் அப்பா அம்மாவையும் அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போகிறேன். சாப்பாடு மேஜையில் இருக்கிறது.

பி.கு.: கத்தரிக்கோலைத் தேடாதே, என் பையில் இருக்கிறது. இழை இழையாகவே பிரி.

இன்னொன்று: நான் ஓட்டிய முதல் இழையை மட்டும் விட்டுவிடேன். பேரனிடம் பீற்றிக்கொள்ள வேண்டும்.