மிளகாய் மஞ்சளாகத்தான் பூத்தது

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் பால்கனியில் இருக்கிற செடிகளும் இங்கே சௌக்கியம், நீயும் மருமகளும் குட்டியும் அங்கே சளி காய்ச்சல் என்று எதுவும் இல்லாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்றுதான் காலையில் எழுந்ததும் நினைத்துக்கொள்கிறேன். என்னடா இது, அம்மா போன் பண்ணாமல் தாளில் எழுதியிருக்கிறாளே என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் நான் பாதி சொல்வதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா, விடும்மா" என்று ஆரம்பித்துவிடுவாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும், கோபம் மட்டும் மிச்சமிருக்கும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. மருமகளிடம் கொடுத்து என்ன எழுதியிருக்கிறாள் என்று சுருக்கமாகக் கேட்டுக்கொள்ளாமல் நீயே உட்கார்ந்து முழுசாகப் படி.

முதலில் வீட்டு விஷயம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் குறைந்ததை ஒத்துக்கொண்டால் கடைக்கு அனுப்பிவிடுவேன் என்று இன்னும் நொண்டிக்கொண்டே நடக்கிறார். சமையலறைக் குழாய் ஒழுகுவதைச் சரிசெய்தாயிற்று. பால்கனியில் கால் வைக்க இடமில்லை என்று உன்னிடம் புகார் சொன்னாராமே, கால் வைக்க இடம் இருக்கிறது, நாற்காலி போட்டுக் கால் நீட்டத்தான் இடமில்லை. தொட்டாலே காம்பை விட்டுக் கையில் உதிர்கிறதே அந்தக் குட்டிக் காட்டு மிளகாய், அது இந்த வருஷம் செடி கொள்ளாமல் காய்த்து, குருவிகள் எனக்கு முன்னால் எழுந்து வந்து தின்றுவிட்டுப் போகின்றன, அவற்றுக்குக் காரம் தெரியாதாம், கொடுத்து வைத்த ஜென்மங்கள். கறுப்பு விதை உள்ளதும் நன்றாக இருக்கிறது, தொப்பி மாதிரி சப்பையாகக் காய்ப்பதும் நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு ரகத்திலும் ஒரு கிளைக்குக் கீழ்வீட்டு டெய்லரம்மா கொசுவலையில் தைத்துக் கொடுத்த சின்னப் பையை மாட்டி வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் தேனீ இந்தப் பூவின் மகரந்தத்தை அந்தப் பூவுக்குக் கொண்டுபோய்விடும், அடுத்த வருஷம் விதை முளைத்தால் எது எதுவென்றே சொல்ல முடியாது. "செடிக்கெல்லாம் சட்டை தைச்சுப் போடுறா, என் சட்டைக்குப் பட்டன் வெக்க ஆளில்ல" என்று அப்பா டெய்லரம்மாவிடமே போய்ச் சொல்லியிருக்கிறார். அவள் பட்டன் வைத்துக் கொடுத்துவிட்டாள், அந்தப் பிரச்சினை முடிந்தது.

முடியாத பிரச்சினைக்கு வருகிறேன். குருவி தின்கிறதல்ல, மஞ்சளாகப் பூத்த இன்னொரு காட்டு மிளகாய் உனக்கு நினைவிருக்கும், நினைவில்லை என்றால் அதற்கும் சேர்த்துத் திட்டுவேன். விதை மாற்றிக்கொள்கிற எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார், அவர் உறையில் போட்டு அனுப்பியது. ஃப்ரிட்ஜ் தலைமேல் சூடு இருக்கும் என்று அங்கே டப்பாவில் வைத்து, முளைக்குமா முளைக்காதா என்று நான் ஏங்கி, முளைத்ததில் ஒன்றே ஒன்று பிழைத்து, ஒரு வருஷம் இலை, இரண்டாம் வருஷமும் இலை, அப்பா அதற்கு "சும்மா இருப்பவன்" என்று பெயரே வைத்துவிட்டார். மூன்றாம் வருஷம்தான் பூத்தது. மிளகாய்ப் பூ வெள்ளையாக இருக்கும், எங்காவது ஊதாவாக இருக்கும். இது சட்டைப் பட்டனைவிடச் சின்னதாக, தலை குனிந்த மணி மாதிரி, நல்ல மஞ்சள். பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். உனக்குப் போன் போட்டுக் காட்டுகிறேன் என்றேன், மீட்டிங் என்றாய், சரி என்று விட்டுவிட்டேன். மறுநாள் வெயில் பால்கனிக்குள் வருவதற்கு முன்னால், பின்னால் கறுப்புத் துணியைக் கட்டி, நீ வாங்கிக் கொடுத்த கேமராவை நாற்காலி முதுகில் அழுத்திப் பிடித்து, மூச்சை நிறுத்திக்கொண்டு படம் எடுத்தேன். மற்றவர்கள் மாதிரி தண்ணீர் தெளித்துப் பனித்துளி என்று ஏமாற்றவில்லை, காய்க்கு எண்ணெய் தடவிப் பளபளப்பு ஏற்றவில்லை. பூவின் ஓரத்தில் பூச்சி கடித்த ஓட்டை இருந்தது, அதையும் அப்படியே விட்டேன். நான் வேலை பார்த்த காலமெல்லாம் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் நின்றவள். எலும்பு உடைந்திருந்தால் உடைந்திருப்பதைத்தான் காட்டுவேன், பாவமாக இருக்கிறதே என்று படத்தில் ஒட்டவைத்து அனுப்ப மாட்டேன். எந்தப் படத்தையும் இல்லாததைக் காட்டச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அந்தப் படத்தைத்தான் தோட்டக்காரர் சங்கத்துக் கண்காட்சிக்கு நீயே உன் மின்னஞ்சலிலிருந்து அனுப்பிக் கொடுத்தாய். முதல் நாள் நானும் அப்பாவும் நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனோம். ரோஜா இருக்கிறது, பூசணி இருக்கிறது, யாரோ ஒருவருடைய முட்டைக்கோஸ் மட்டும் மூன்று கோணத்தில் இருக்கிறது, என் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. செயலாளரைப் பிடித்துக் கேட்டேன். "மிளகாப் பூ மஞ்சளா பூக்காதும்மா, நிறத்த மாத்தியிருக்குன்னு கமிட்டி முடிவு பண்ணிடுச்சு, உங்க பையனே ஒத்துக்கிட்டு எழுதிட்டாரே, உங்களுக்குச் சொல்லலையா" என்றார். போனை எடுத்துக் காட்டவும் காட்டினார். நீ எழுதியதை எனக்கு இப்போதும் பார்க்காமல் சொல்ல முடியும். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, கேமராவில் எதையாவது தெரியாமல் அழுத்தியிருப்பார், வேண்டுமென்று செய்திருக்க மாட்டார், தயவுசெய்து மன்னித்துப் படத்தை எடுத்துவிடுங்கள், அவரிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். இதை எழுதிவிட்டு அன்று இரவு என்னிடம் போனில் பேசினாய், அங்கே மழை என்றாய், குட்டிக்குப் பல் ஆடுகிறது என்றாய். பக்குவமாக ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு வலித்தது, அதை மறைக்க மாட்டேன். கமிட்டிக்காரர்கள் என்னைப் பொய்க்காரி என்றது கூட வலிக்கவில்லை, அவர்களுக்கு நான் யார், முட்டைக்கோஸ்காரர் யார் என்றே தெரியாது. நீ என்னைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை, கிழவி, ஒன்றும் தெரியாது என்று சொல்லிக் காப்பாற்றியிருக்கிறாய். பொய்க்காரி என்று சொல்லியிருந்தால் உன்னோடு சண்டை போட்டிருப்பேன், இதற்கு எப்படிச் சண்டை போடுவது என்று தெரியாமல் பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். அப்பா பயந்துபோய் வழியில் இரண்டு தடவை தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் "போனாப் போகுது விடு, ஒரு படம்தானே, நீ பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்கிறியே" என்றார். என் முயலுக்கு நாலு காலும் இருக்கிறது, குனிந்து எண்ணிப் பார்க்க ஆள்தான் இல்லை என்றேன். மறுநாள் செடியையே தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தொட்டியை அப்பா மடியில் வைத்துக்கொண்டார், கிளைகளை நான் பிடித்துக்கொண்டேன். பஸ் குலுங்குகிற குலுக்கலில், ஏசி காற்று வேறு நேராக முகத்தில் அடிக்க, பாதி வழியில் முதல் பூ விழுந்தது. மிளகாய் வளர்க்கிறவர்களுக்கு இது அரிச்சுவடி, பூத்த செடியை இடம் மாற்றினால் பூவைக் கொட்டிவிடும், நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கோபத்தில் எனக்கே மறந்துபோயிற்று பார். இறங்குவதற்குள் விரிந்திருந்த பூவெல்லாம் போய்விட்டது, பாதி பஸ் தரையில் மிதிபட்டது, பொறுக்கிக் கைக்குட்டையில் வைத்தது மண்டபம் போய்ச் சேர்வதற்குள் பழைய காகித நிறத்துக்குச் சுருங்கிவிட்டது. அப்பா "திரும்பிப் போயிடலாமா" என்று கேட்டார். திரும்புவதற்கா இவ்வளவு தூரம் தொட்டியைச் சுமந்தோம் என்று உள்ளே போய்விட்டேன்.

"பூ எங்கம்மா" என்றார் செயலாளர். விழுந்துவிட்டது என்றேன். சிரிக்கவில்லை, அந்த மட்டும் நல்ல மனுஷன். கேமராவைக் காட்டினேன், அதிலும் செட்டிங் மாற்றலாமே என்றார்கள். நெட்டில் தேடிப் பாருங்கள், இந்த ரகம் இருக்கிறது என்றேன், நெட்டில் வருவதெல்லாம் மாற்றிய படம்தானே என்றார்கள். சங்கத் தலைவர், கறுப்புக் கண்ணாடியை மண்டபத்துக்குள்ளும் கழற்றாதவர், செடியில் இருந்த பட்டாணி அளவு சிவப்புக் காயைப் பறித்து, தைரியசாலி மாதிரி எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாயில் போட்டுக் கடித்தார். அந்த ரகத்துக்குக் காரமே கிடையாது, துளிகூட. "காரமே இல்ல, இது மிளகாயே இல்லம்மா" என்றார். காரம் வேண்டும் என்றால் செடியிடம் எதற்குக் கேட்கிறீர்கள், என்னிடம் பேசுங்கள் என்றேன். அப்பா இருமுகிற மாதிரி திரும்பிக்கொண்டு சிரித்தார்.

அதன் பிறகு நான் ஒன்று செய்தேன், உனக்குக் கேட்கும்போதே கூச்சமாக இருக்கும், இருக்கட்டும். அந்த ஆணிக்குக் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டு, பக்கத்தில் தொட்டியை வைத்து உட்கார்ந்துவிட்டேன். கண்காட்சி முடிகிற வரைக்கும் தினமும் போனேன். வருகிறவர்கள் இங்கே என்ன படம் என்று கேட்டால், மஞ்சளாகப் பூத்த மிளகாய், பொய் என்று எடுத்துவிட்டார்கள், பொய் இல்லை என்று சொல்வேன். சிலர் நம்பினார்கள், சிலர் பாவம் என்று பார்த்துவிட்டுப் போனார்கள், ஒரு தம்பதி கொஞ்ச தூரம் போய்ச் சிரித்தது காதில் விழுந்தது. நம்பியவர்களுக்கு நான் நன்றி சொல்லவில்லை, நம்பாதவர்களிடம் கெஞ்சவும் இல்லை. அப்பா முதல் நாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அப்புறம் அவரும் ஒரு ஸ்டூலைத் தேடி எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். முழங்கால் வலி அப்போதெல்லாம் எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை.

கடைசி நாள் விளக்கையெல்லாம் அணைக்கிற நேரத்தில் செயலாளர் எனக்கும் அப்பாவுக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா, எனக்கு ஒண்ணும் உங்க மேல கோபமில்ல, ஆனா பெத்த பிள்ளையே நம்பலையே, நாங்க எப்படி நம்புறது" என்றார். எத்தனையோ பேருக்குப் பதில் சொன்னவள், இதற்குப் பதில் இல்லாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அந்தப் பதிலைத்தான் உன்னிடம் கேட்டு எழுதுகிறேன்.

இன்னொரு விஷயம். பஸ்ஸில் விழுந்தது விரிந்த பூதான், மொட்டு சிலது தங்கிவிட்டது. நேற்றுக் காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது அப்பா பால்கனியிலிருந்து "மஞ்சளடி, மஞ்சள், வந்து பாரு" என்று கத்திய கத்தலில் டெய்லரம்மா கீழேயிருந்து ஓடி வந்துவிட்டாள். மூன்று பூ. அப்பா உடனே செயலாளரைக் கூப்பிட்டுக் காட்டலாம், சின்னவனுக்குப் படம் அனுப்பலாம் என்று போனை எடுத்துவிட்டார். பிடுங்கி வைத்துவிட்டேன். படம் எடுத்திருக்கிறேன், ரொம்ப நன்றாக வந்திருக்கிறது, அப்பா வாயைத் திறந்துகொண்டு பக்கத்தில் நிற்பதும் விழுந்திருக்கிறது. உனக்கு அனுப்ப மாட்டேன். அப்பாவிடம் ரகசியமாகக் கேட்காதே, கேமரா அட்டையை எடுத்து என்னிடமே வைத்துக்கொண்டேன்.

மருமகளை விசாரித்ததாகச் சொல். அவள் இரண்டு வேலைக்கும் நடுவில் சாப்பிடாமல் ஓடுகிறாள் என்று எனக்குத் தெரியும், நீ கொஞ்சம் சீக்கிரம் எழுந்து ஏதாவது செய்து கொடுத்தால் கை தேய்ந்துவிடாது. குட்டிக்கு ஆடுகிற பல்லை நூல் கட்டி இழுக்காதீர்கள், தானாக விழட்டும். கண் எரிந்தால் கண்ட சொட்டு மருந்தெல்லாம் விடாதே, கம்ப்யூட்டரை மூடிவிட்டுத் தூங்கு. உன்மேல் கோபம் இருக்கிறது, அதற்காக உன்னை நினைக்காத நாள் ஒன்றும் இல்லை. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல், மனம் நிறைந்து நூறு வயது இருங்கள். அப்பாவின் ஆசீர்வாதமும் இதில்தான் இருக்கிறது, தனியாக எழுதச் சொன்னால் கை வலிக்கிறது என்கிறார்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுதான். எந்த மின்னஞ்சலிலிருந்து என் பெயரில் மன்னிப்புக் கேட்டாயோ, அதே மின்னஞ்சலிலிருந்து சங்கத்துக்கு எழுது. என் அம்மா எதையும் தெரியாமல் அழுத்தவில்லை, பூ மஞ்சள்தான், அவரைக் கேட்காமல் எழுதியது என் தப்பு என்று எழுது. எழுதி அனுப்பிவிட்டுச் சொல், அந்த நிமிஷமே படம் உனக்கு வந்து சேரும். முதலில் படத்தை அனுப்பும்மா, பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லாதே. பார்த்த பிறகு நம்புவதற்குக் கமிட்டி போதும், அதற்குப் பிள்ளை எதற்கு.

இப்படிக்கு,
உனக்காகக் காத்திருக்கும், ஆனால் இறங்கி வராத,
உன் அம்மா