நெடுந்துறை மல்லர் களத்தைத் திறக்க விடுத்த ஓலை

மழை பிழையாது பெய்க. மண் பொய்யாது விளைக. செம்பொறை நாடாளும் மன்னர் பெருவிறலார் திருமுன்பிருந்து, நெடுந்துறைக் கோட்டம் காக்கும் தண்டநாயகர் விழுப்பரையர்க்கு வரும் திருவோலை. நும் குடியும் குளமும் நிறைக. நும் வாள் உறையில் உறங்கினும் நும் நீதி விழித்திருக்க.

நெடுந்துறை மல்லர் கல்லூரியை ஐந்தாண்டு மூடி, களத்தில் உப்புக் கொட்டுக என்ற ஆணையைத் தலைமேற்கொண்ட நீர், கொட்டுமுன் மன்னர் ஒருமுறை நினைந்தருள வேண்டுமென விண்ணப்பித்தீர். அது அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

நடந்ததை மன்னர் மறந்தாரில்லை. பொருமுன் இரு கல்லூரியாரும் தத்தம் களத்து மண்ணைக் கூடையில் கொணர்ந்து, எதிராளியின் தோளில் பூசுவது இந்நாட்டு வழக்கம். என் மண் உன்மேல், உன் மண் என்மேல், இனிப் பகையில்லை என்பது அதன் பொருள். சென்ற பெருவிழாவில் அந்த மண்ணிலேயே நெடுந்துறை ஆசான் காரிக்கண்ணன் சுண்ணாம்புத் தூள் கலந்தான். ஆலங்காட்டு மல்லன் நல்லடியானுக்கு ஒரு கண் போயிற்று. நெடுந்துறைக்கு வெற்றிமாலை வந்தது. குட்டு உடைந்ததும் ஆசான் எல்லை தாண்டினான். இன்று அண்டை நாட்டில் பட்டுடுத்திப் பல்லக்கில் போகிறானாம்.

குற்றவாளி பல்லக்கில் போக, பூட்டு மாணவர் வாயிலிலோ என்று மன்னர் தம்மையே கேட்டுக்கொண்டார். அவ்வஞ்சனைக்குப் பின் கல்லூரியில் சேர்ந்த மாணவன் இளஞ்சாத்தன். இருபது வயதுக்குள் பெருவிழாவில் பொருதாலன்றி அவனுக்குப் படையில் இடமில்லை. பூட்டுத் திறக்கும்போது அவன் காலம் கடந்திருக்கும். ஆயினும் சும்மா விடுதலும் அறமாகாது. வெற்றியால் வந்த புகழை உண்டது கல்லூரியும்தானே? இன்று விட்டால் நாளை எந்த ஆசான் கைதான் கூடைக்குள் போகாது?

இவ்வாறு இருபாலும் இழுபட்ட மன்னர், நல்லடியானையே அழைத்து, களத்தை மூடினால் உனக்கு ஆறுதலா என்று வினவினார். அவன் சொன்னதை மெருகிடாமல் எழுதுக என்பது கட்டளை:

“என்ன சாமி இது, கண்ணைக் கெடுத்தவன் ஒருத்தன், கதவைச் சாத்துறது இன்னொருத்தனுக்கா? அந்தப் பயலுக வரலைன்னா நான் யாரை மண்ணைக் கவ்வ வைக்கிறது? அதுக்கு ஒத்தைக் கண்ணே போதும். ஒண்ணு மட்டும் கேக்குறேன், அவங்க கூடை மட்டும் என் பக்கத்துல வரக்கூடாது.”

அவையோர் நகைத்தனர், மன்னர் நகைத்திலர். காரிக்கண்ணன் கழுத்தில் பொற்சங்கிலி இட்டு, வெற்றி எப்படி வந்ததென்று கேளாமலே மகிழ்ந்தவர் யாரென அவர் நெடுநேரம் எண்ணியிருந்தார்.

ஆதலின் களம் திறக்கப்படுக. உப்பு மூட்டைகள் திரும்புக. வெற்றிமாலை ஆலங்காட்டுக்கு ஆகுக. சுண்ணாம்பை அறிந்தும் வாய்மூடியிருந்த துணையாசான் இனிக் களமேறற்க. காரிக்கண்ணனை ஒப்படைக்கக் கேட்டு அண்டை நாட்டுக்குத் தூது புறப்பட்டுவிட்டது. இளஞ்சாத்தனும் தோழரும் பெருவிழாவுக்கு வருக. ஆனால் ஐந்தாண்டும் வெறுங்கையோடு வருக. தம் மண் கொணரார். இருதிறத்தார் தோளிலும் ஆலங்காட்டு மண்ணே ஏறும். முதற்பிடி அள்ளிப் பூசுவது நல்லடியான் கை.

இன்னும் ஒன்று. இவ்வாண்டு அரங்கில் வெண்கொற்றக்குடை விரியாது. அந்த வெற்றியின் நிழலில் முதலில் அமர்ந்தவர் மன்னரே. ஆதலின் வெயிலிலும் அவரே முதலில் அமர்வார். அன்பு மிகுந்து பந்தல் எதுவும் போட்டுவிட வேண்டா.

இது மன்னர் வாய்மொழி; ஓலைநாயகன் மிளகன் எழுத்து; எருது முத்திரை இட்டது. பறையறைந்து அறிவிக்க.