நிறுத்திய பிறகும் ஓடும் ஃபேன்

செங்கமலம்,

லாரிச் சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. வண்டியை வாங்கியவர் பொன்னமராவதியிலிருந்து பத்து மணிக்கு வருவார், கொடுத்துவிடு. அதைப் பார்த்தாலே நம் ரகு ஞாபகம் வருகிறதென்று நீ அழுதாய். விற்க மாட்டேன் என்று நான்தான் ஒரு மாதமாகக் கத்தினேன். இனிக் கத்த மாட்டேன். ஆனால் அது வாசலை விட்டுப் போவதைப் பார்க்க என்னால் முடியாது. கட்டுமாவடிக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன்.

லாரியில் இன்ஜின் சூட்டைத் தணிக்கிற பெல்ட் ஃபேனைக் கழற்றிவிட்டு ரகு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டிய அன்று, இன்ஜினை நிறுத்திய பிறகும் அது ஓடியது. கோளாறு என்று நினைத்து ஒயரைப் பிடுங்கினேன். லோடு ஏற்றுகிறவர்கள் முன்னால் அவனைத் திட்டினேன்.

"சூடு ஆறுற வரைக்கும் ஓடட்டும்னுதாம்ப்பா அப்புடி வச்சேன்" என்றான். என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். மறுநாள் பைக்கில் போனவன் உயிரோடு திரும்பவில்லை.

ஒயரை நானே திரும்ப மாட்டினேன். தினமும் வண்டியை நிறுத்திவிட்டு, ஃபேன் நிற்கும்வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். சோறு ஆறுதென்று நீ சத்தம் போடுவாயே, அப்போதெல்லாம் அதற்காகத்தான்.

மீன் குழம்பைச் சுட வைத்து மூடியிருக்கிறேன். பட்டினி கிடக்காதே.

ஆண்டிச்சாமி

எழுத மறந்துவிட்டேன். வருகிறவரிடம் கட்டாயம் சொல்: இன்ஜினை நிறுத்தினாலும் ஃபேன் ரெண்டு நிமிஷம் ஓடும். கோளாறு இல்லை. பையன் யோசித்துத்தான் வைத்திருக்கிறான்.