ஜன்னலோர இருக்கை

என் கண்ணே,

பங்குக் கோவில் பேருந்தில் ஓபிதுஷ் கோட்டைக்குப் போய்விட்டு வந்தேன். அப்பா வாங்கி வைத்த இரண்டு சீட்டில் ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடு என்று அவர் அடக்கத்துக்கு வந்தபோது சொன்னாயே, நான் கொடுக்கவில்லை. ஜன்னலோரம் அவர் தொப்பியை வைத்தேன். வழிகாட்டிப் பெண் பெயர் வாசித்து, "அடெலினோ ஐயா?" என்றதும், ஆமென்று என் தலை தானாக ஆடிவிட்டது.

மதில்மேல் நடக்கக் கைப்பிடி கிடையாது. அவர் இருந்தால் என் சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டே வருவார். சாக்லேட் கிண்ணத்தில் செர்ரி மது தந்தார்கள். அவர் பங்கையும் பக்கத்து வீட்டு எர்மீனியா குடித்துவிட்டு, "அந்தக் கஞ்சன் இருந்தா எனக்கு ஒரு சொட்டு விட்டிருப்பானா?" என்றாள். சிரித்துவிட்டேன்.

கிளம்பும்போது வழிகாட்டிப் பெண் தலை எண்ணினாள். "ஒருத்தர் குறையுதே, அடெலினோ ஐயாவைக் காணோமே" என்று கோட்டை வாசல்வரை போய்த் தேடினாள். பேருந்தில் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் நான்தான் எழுந்தேன்.

"அவரு வரமாட்டாரும்மா. வண்டிய எடுக்கச் சொல்லு."

அதை நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

தொப்பி மடியில் வந்தது. நீ லீவுக்கு வரும்போதும் இரண்டு சீட்டு வாங்குகிறேன். ஜன்னலோரம் உனக்கு.

உன் அம்மா