இரண்டு எழுத்து

என் கண்ணே,

மூன்று நாளாக உன் அறைக் கதவு சாத்தியே இருக்கிறது. வெளியே வைக்கும் சாப்பாடும் அப்படியே இருக்கிறது. அதனால் இதை எழுதிக் கதவடியில் தள்ளுகிறேன்.

கல்லூரியில் சேரப் போன அன்று அந்த அலுவலகப் பெண், "ரெண்டு சீட்டுதான் மேடம் இருக்கு, சாயங்காலம் வந்தா இருக்காது" என்றாள். நீ கல்லூரிக் கையேட்டை நீட்டி என் காதருகில், "ஒரு தடவை நல்லா படிச்சுப் பாரும்மா. அச்சகத்துல ப்ரூஃப் பாக்குற அம்மா எதுக்கு இருக்க?" என்று சிரித்தாய். "நான் பாக்காத எழுத்தாடி?" என்று சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

உன் லேப் டெக்னீஷியன் சான்றிதழ் செல்லாது என்று ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பியபோதும், "அவங்க பொய் சொல்லிட்டாங்க, நீ என்னம்மா பண்ணுவ?" என்று என்னைத்தான் தேற்றினாய். நானும் தலையாட்டினேன்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில், 'அரசு அங்கீகாரம் கோரி விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று இருக்கிறது. நான் முதல் இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தை என் ஆசை படித்துக்கொண்டது.

அந்தப் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். 'கோரி' என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். இரண்டே எழுத்து, உன் இரண்டு வருடம். ஓரத்தில் என்ன திருத்தம் எழுதுவதென்று தெரியவில்லை.

என்னைத் திட்டவாவது கதவைத் திற.

அம்மா