முப்பத்தொன்று காட்டிய மீட்டர்

இன்று காலை வாசலில் நின்ற நம் லாரியின் பேட்டரிப் பெட்டியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. வேறு யாராக இருந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போயிருப்பார்கள். எனக்கோ உங்கள் சட்டைகள் ஞாபகம் வந்தன. பேட்டரி ஆசிட் தெறித்து ஓட்டை ஓட்டையாகப் போன சட்டைகள். "உங்களுக்குச் சட்டை எடுக்கறதும் ஒண்ணுதான், கொசுவலை எடுக்கறதும் ஒண்ணுதான்" என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்த நாற்றத்தை இழுத்து இழுத்து மோந்துகொண்டு நின்றேன். சிரிக்காதீர்கள்.

அந்த நாற்றம் வந்தால் பேட்டரி கொதிக்கிறது, அளவுக்கு மீறி சார்ஜ் ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்று பார்த்தா அது வரவேண்டும்? ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பழைய வண்டி வாங்குகிற ஒருவரை உங்கள் தம்பி கூட்டி வந்திருந்தார். தம்பி மேல் எனக்கு வருத்தம் இல்லை. வண்டியின் எஃப்.சி. தகுதிச் சான்றுக்குக் காட்டத் தன் கைக்காசைப் போட்டு கேபினுக்குப் புதுப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தவரும் அவர்தான். "வித்துருங்க மதினி. அண்ணனே போயிட்டான், இந்த இரும்பக் கட்டிக்கிட்டு எதுக்கு மாரடிக்கணும்?" என்றார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

இரும்பா அது? கூமாப்பட்டித் தேங்காயை இராஜபாளையத்துக்கு ஏற்றி வந்து, இந்த வீட்டில் அடுப்பெரிய வைத்த வண்டி. நீங்கள் இல்லாத இந்த வருஷமும் டிரைவர் முருகேசனை வைத்து நான்தான் தொழிலை நடத்தி வந்தேன். ஆனால் பெயிண்ட் அடித்து வந்த நாளிலிருந்து ஹெட்லைட் பல்பு போட்டால் போட்ட வேகத்தில் போகிறது. பேட்டரியில் தண்ணீர் நிற்பதில்லை. "வயரிங்கே போச்சும்மா, காயலான் கடை விலைக்குத்தான் எடுக்கலாம்" என்றார் வந்தவர்.

அப்போதுதான் முருகேசன் ஸ்பேனரும் கையுமாக வந்தான். எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரி டெர்மினலைக் கழற்றப் போனான். வண்டி நிற்காமல் ஓடினால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்நேட்டர் நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் போகிறானாம்.

"ஏலே முருகேசா, கைய எடுலே!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

எனக்கு எப்படித் தெரியும் என்று அவர்கள் யோசித்திருப்பார்கள். உங்கள் வீரப்பிரதாபத்தால்தான் தெரியும். கிருஷ்ணன்கோவிலுக்குப் போகிற வழியில் இதே மாதிரி டெர்மினலைப் பிடுங்கிவிட்டு, "பாத்தியாட்டி, கல்லு மாதிரி ஓடுது" என்று என்னைப் பார்த்து மீசையை முறுக்கினீர்கள். டீக்கடையில் எஞ்சினை நிறுத்தினோம். அதோடு சரி, மறுபடி கிளம்பவே இல்லை. பின்னால் வந்த காலேஜ் பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் இறங்கி, விசிலடித்துக்கொண்டே தள்ளிவிட்டார்கள். இராஜபாளையம் எலக்ட்ரீசியன் விழுந்து விழுந்து சிரித்தார். "டீசல் எஞ்சினு ஒருக்கா கிளம்பிட்டா பேட்டரி இல்லாமலும் ஓடும்ணே. அது ஓடுறத வச்சு ஆல்டர்நேட்டரப் பத்தி என்ன தெரியும்? நீங்க பிடுங்கின பிடுங்குல டயோடும் ரெகுலேட்டரும் சேந்து போச்சு, பேட்டரியும் இறங்கிருச்சு" என்றார். மறுநாள் வோல்ட் அளக்கிற ஒரு மீட்டர் வாங்கி வந்தீர்கள்.

அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் கற்றுக்கொண்டோம். நீங்கள் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிப்பீர்கள். நான் கீழே நின்று பேட்டரியில் மீட்டரைப் பிடித்துப் படித்துச் சொல்வேன். சரியான அளவான இருபத்தெட்டு வோல்ட் காட்டினால் உங்கள் முகத்தில் சிரிப்பு. ஏறிக்கொண்டே போனால் திட்டு, அதுவும் எனக்கு. "பழுது எப்பத் தொடங்குச்சுன்னு மொதல்ல கேளு. பொறவு எதத் தொடணும்னு தன்னால தெரியும்" என்பீர்கள்.

இன்று மீட்டரை உங்கள் தம்பி கையில் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினேன். நீங்கள் போன பிறகு நான் அதில் உட்கார்ந்ததே இல்லை. எட்டி மிதித்தேன்.

"முப்பத்தொண்ணு காட்டுது மதினி!"

"ரெகுலேட்டர் காலி, அக்கா" என்றான் முருகேசன். இருக்கலாம். ஆனால் எப்போது தொடங்கியது? பெயிண்ட் அடித்த பிறகு. சார்ஜை அளவோடு நிறுத்துகிற ரெகுலேட்டர் பெட்டி எங்கே இருக்கிறது? அந்தக் கேபின் சுவரில்தான். முருகேசனை எஞ்சினை ஓட்டச் சொல்லிவிட்டு இறங்கினேன். மீட்டரின் ஒரு முனையைப் பெட்டியின் உடம்பிலும், மற்றதைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தேன். ஒன்றுமே காட்டக் கூடாத இடத்தில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த் கிடைக்கவில்லை; பெட்டி வெறும் இரும்பைத் தொட்டு நின்றால்தானே கிடைக்கும். பெயிண்டர் பெட்டியைக் கழற்றி, சுவருக்குப் பெயிண்ட் பூசி, அதன் மேலேயே திரும்ப மாட்டியிருக்கிறான். எர்த் சரியில்லாத ரெகுலேட்டருக்குப் பேட்டரி நிறைந்தது தெரியாது. விருந்தாளி எழுந்து கை கழுவிய பிறகும் சோறு போட்டுக்கொண்டே இருக்கிற ஆளைப் போல அது சார்ஜை ஏற்றித் தள்ளியிருக்கிறது.

எஞ்சினை நிறுத்தி, பெட்டியைக் கழற்றி, பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தோம். உங்கள் தம்பிதான் தேய்த்தார். தன் பெயிண்டைத் தானே சுரண்டுகிறோமே என்று அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. போல்ட்டை முறுக்கிவிட்டு நான் மறுபடி சீட்டில் ஏறி மிதித்தேன். இருபத்தெட்டு. எவ்வளவு மிதித்தும் அதைத் தாண்டவில்லை.

வந்தவர் குரலை மாற்றிக்கொண்டு நல்ல விலை பேசத் தொடங்கினார். "வண்டி விக்கறதுக்கு இல்லண்ணே" என்றேன். உங்கள் தம்பி அவரை பஸ் ஏற்றிவிடப் போனார்.

எனக்கு இன்னும் அழுகை வருகிறது. மறைக்கவில்லை. இந்த ஒரு வருஷமாக எல்லாமே போய்விட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எது போனது, எது இருக்கிறது என்று நிதானமாகத் தொட்டுப் பார்க்கிற பழக்கத்தை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சீட் உங்கள் உயரத்துக்குப் போட்டது. முருகேசனும் நெட்டை என்பதால் அதை யாரும் தொடவில்லை. எனக்கோ கால் எட்டவில்லை, நுனியில் உட்கார்ந்துதான் மிதித்தேன். சாயங்காலம் போல்ட்டைக் கழற்றி அதை முன்னால் தள்ளிப் போடச் சொன்னேன்.

"எதுக்கு மதினி?" என்றார் உங்கள் தம்பி.

"ஓட்டப் பழகத்தான். ஹெவி லைசென்ஸ் எடுக்கப் போறேன்."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவரே ஏறினார். நீங்கள் இனி வந்து உட்கார்ந்தால் முட்டி இடிக்கும்.