புதினா வளரும் ஹெல்மெட்

வீட்டையும் தோட்டத்தையும் தனியாளாகக் கட்டி ஆளும் என் மனைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? பிள்ளைகள் சுகமா?

போன வாரம் கட்டட வேலையில் மேலிருந்து ஒரு செங்கல் என் தலையில் விழுந்தது. பயப்படாதே, விரிசல் ஹெல்மெட்டுக்குத்தான். புதிது கொடுத்துவிட்டார்கள். பழையதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஓட்டை வாளியில் கத்தரி காய்க்க வைத்தவளின் புருஷன் அல்லவா? மண் நிரப்பிப் புதினாத் தண்டு நட்டு, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினேன். தளிர் விட்டிருக்கிறது.

அறையில் கூட இருக்கும் டிரைவர், "இதெல்லாம் யாருண்ணே சொல்லிக் குடுத்தா?" என்றார்.

"எங்க வீட்டு நிதி மந்திரி" என்றேன் பெருமையாக.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஒன்று மட்டும் கேட்டு முடிக்கிறேன். உன் சமையலில் ஒரு பருக்கை வீணாகாது. என் கையோ இன்னும் நம் நாலு பேருக்கும் சேர்த்தே அரிசி அளக்கிறது. ஒரு ஆளுக்கு எவ்வளவு போடுவது என்று எழுது.

உன் வீட்டுக்காரன்